வெள்ளைத் துணி ஆட்டமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியும்

டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் நானும் மன்னார் அண்ணையும் இருந்த வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்ததே ஒரு சாவோடுதான். கீழ்வீட்டுக் கிழவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும்போது பெட்டியை மட்டும் எங்களுக்குத் தரலாம் என்றார்கள். செத்தவருடைய பெட்டி வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் சொன்னேன்.

"அவர் இனிப் பாக்கப் போறேல்லைத்தானே. பிறகென்ன?" என்று சொல்லி அண்ணை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணைக்கு அப்போது ஐம்பது இருக்கும். மன்னார்க் கத்தோலிக்கர். முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை. எனக்கு நாற்பது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், ஞானஸ்நானம் எடுத்தவன், ஆனால் பல்லி சொன்னால் படியில் நின்றுவிடுகிற ஆள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்திருந்தது. இரண்டு பேரும் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம்.

பின்னாளில் தமிழர் வழக்கு என்று இந்த நாடு முழுக்கப் பேசிய விஷயம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் விண்ணப்பங்களை எடுக்க வேண்டாமென்று மேலேயிருந்தே நிறுத்திவிட்டார்கள் என்பதும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒருவருடைய குடும்பமும் வரவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் நல்ல மரியாதையாகப் பார்த்து "வென்ட்" என்பார். காத்திரு. டேனிஷ் மொழியில் நான் பிழையில்லாமல் உச்சரிக்கப் பழகிய முதல் சொல் அதுதான்.

செத்தவருடைய பெட்டியில் என்னைப் பிடித்துக்கொண்டது இரவு பகலாகப் பாட்டுப் போடுகிற சனல். எங்கள் தொகுதி வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கேபிள் வந்தது. வயரைச் சுவரில் செருகினால் முதலில் ஜெர்மன்காரன் செய்தி வாசிப்பான், அடுத்ததில் சுவீடன்காரன் மீன் பிடிப்பான், அதற்கடுத்ததில் இந்தப் பாட்டுக்காரர்கள். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே அதைப் போட்டுவிடுவேன்.

எங்கள் சினிமாவில் ஒருத்தன் பாடினால் ஏன் பாடுகிறான் என்று தெரியும். ஒருத்தி வந்திருப்பாள், அல்லது போயிருப்பாள், அல்லது மழை பெய்திருக்கும். இந்தச் சனலில் காரணமே கிடையாது. ஒருத்தன் தோல் காற்சட்டையோடு இடிந்த வீட்டுக்குள் நின்று பாடுவான். கூரை இல்லை, சுவரில் கரி, மூலையில் புகை. அவனுடைய தலைமயிர் மட்டும் நேற்றுச் சலூனில் இருந்து எடுத்து வந்ததுபோல் இருக்கும். ஒருத்தி கலியாண உடுப்போடு கடலுக்குள் நடப்பாள். ஒரு பியானோ எரியும். எரிகிற பியானோவை வாசிப்பவன் எழும்பி ஓடமாட்டான்.

"உந்த வீட்டுக்கு ஆர் குண்டு போட்டது?" என்று நான் கேட்பேன்.

"பாட்டைக் கேள் தம்பி" என்பார் அண்ணை, வெங்காயம் உரித்தபடி.

"இல்லை அண்ணை, சன்னலைப் பாருங்கோ. ஷெல் விழுந்த வீடு எங்களுக்குத் தெரியாதே?"

"அவன் காசு குடுத்து இடிச்சிருப்பான்."

நான் நம்பவில்லை. காசு கொடுத்து யாராவது அப்படி ஒரு வீட்டைச் செய்வார்களா?

கொழும்பில் என் மனைவியும் ஆறு வயது மகளும் ஒரு லொட்ஜில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். விசா வரும், வந்தவுடன் ஏறலாம் என்றுதான் யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களை அங்கே கூப்பிட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் டோஸ்ட்ருப் ஸ்டேஷனுக்கு அருகில் இருக்கிற தொலைபேசிக் கூட்டில் இருந்து எடுப்பேன். லொட்ஜ் மனேஜர் மேசையில் இருக்கிற தொலைபேசி அடிக்கும். மனேஜர் மாடிப்படியில் ஏறி நின்று கத்துவார். அந்த லொட்ஜில் எந்தப் பெண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புருஷன் இருக்கிற நாடுதான் பேர். சுவிஸ் அக்கா, கனடா அக்கா, பிரான்ஸ் அக்கா. என் மனைவி டென்மார்க் அக்கா.

அந்தச் சனிக்கிழமை டென்மார்க் அக்கா வந்து தொலைபேசியை எடுத்தவுடனேயே சொல்லிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் முடிவெடுத்திட்டன். வாற செவ்வாய்க்கிழமை ரயிலிலை பிள்ளையையும் கொண்டு ஊருக்குப் போறன்."

"ஏன் இப்ப?"

"இன்னும் எவ்வளவு காலத்துக்கு? கனடா அக்கா விசா வந்து போட்டா. சுவிஸ் அக்காவும் போட்டா. நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். இரவிலை பொலிஸ் வந்து கதவு தட்டி ஐடென்டி காட் கேக்கிறாங்கள். பிள்ளை நித்திரையிலை எழும்பி ஐடென்டி ஐடென்டி எண்டு கத்துது."

"அங்கை மட்டும் என்ன வாழுதே? ஆமி நிக்கிறான், சண்டை நடக்குது."

"அங்கை கதவைத் தட்டினால் திறக்க அம்மா இருக்கிறா. விசா வந்தால் சொல்லுங்கோ, திரும்பி வாறன்."

திரும்பி வருவது அந்த நாட்களில் யார் கையில் இருந்தது? பாதை இன்றைக்குத் திறக்கும், நாளைக்குப் பூட்டும். ரயில் ஓடும், ஓடாது. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் ஒருநாள் 'வென்ட்' என்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லி, விசாவுக்கு வரச் சொல்லுகிற அந்த நாளில் இவள் பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம் நின்றால் எல்லாம் முடிந்தது. இதை அவளுக்கு விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். என்னிடமிருந்த கடைசி நாணயம் உள்ளே விழுந்தது. கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சனி பின்னேரம் முழுக்கப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். துக்கத்தில் இருந்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். உண்மையில் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டில் ரயில் வந்தால் அவள் போவாள், வராவிட்டால் போகமாட்டாள் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். அடுத்த பாட்டில் குதிரை வந்தது. குதிரை கணக்கில் வராது என்று தள்ளினேன். அதற்கடுத்ததில் ஒருத்தி தண்டவாளத்தில் வெறுங்காலோடு நடந்தாள். ரயில் வரவில்லை, தண்டவாளம் மட்டும். அது அரைச் சகுனமா, முழுச் சகுனமா என்று அண்ணையைக் கேட்டேன்.

"உனக்கு முழு விசர்" என்றார் அவர். "நாளைக்கு ரீச்சர் கூப்பிட்ட இடத்துக்கு வா. வெளிக்காத்துப் படட்டும்."

ரீச்சர் என்றது எங்கள் டேனிஷ் வகுப்பு ஆசிரியையை. அவரும் கணவரும் கொரியாவில் இருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. அப்படித் தத்தெடுத்த குடும்பங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை டோஸ்ட்ருப்பில் ஒரு மண்டபம் எடுத்துக் கொரியத் திருவிழா நடத்துவார்களாம். இம்முறை கொரியாவிலிருந்தே ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று வகுப்பு முழுவதையும் கூப்பிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அன்றைக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. அண்ணை மட்டும் ஓம் என்றார். கேக் இருக்கும் என்ற சொல் அவருக்கு விளங்கியிருந்தது.

மண்டபத்துக்குள் போனபோது மணி இரண்டிருக்கும். வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் அப்போதே அரைவாசியாகிவிட்டது. உள்ளே கோப்பி மணம். அதற்கு மேலே இன்னொரு மணம், உள்ளியும் மிளகாயும் போட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோவா. நீண்ட நாளைக்குப் பிறகு என் மூக்கு நிமிர்ந்தது. எங்கும் தங்க நிறத் தலைமயிர்ப் பெற்றோர், கறுத்த தலைமயிர்ப் பிள்ளைகள். பிள்ளைகள் எல்லோரும் கம்பளி ஸ்வெட்டரோடு, முகத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்த கோபத்தோடு இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு தமிழர். எங்களைப் பார்த்த ஒரு கிழவி, நாங்களும் கொரியாவின் ஏதோ ஒரு வெயில் கூடிய மூலையில் இருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்து மிகப் பணிவாகக் குனிந்து வணக்கம் சொன்னார். அண்ணை அவரைவிடப் பணிவாகக் குனிந்தார்.

ரீச்சரின் மகள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். மரியாதைக்கு ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, "இது உங்கள் ஊர் ஆட்டமா?" என்று என் டேனிஷில் கேட்டேன்.

"என் ஊர் டோஸ்ட்ருப்" என்றாள். பிறகு பாவம் பார்த்தாள் போல. "நானும் இதை முதல் தடவைதான் பார்க்கிறேன். வீட்டில் இருந்திருந்தால் பாட்டுச் சனல் பார்த்திருப்பேன்."

அங்கே எங்களுக்கு ஒரு பாலம் போடப்பட்டுவிட்டது. என் மனதில் இருந்த கேள்வியை உடனே கேட்டேன். தோல் காற்சட்டைக்காரன் பாடுகிறானே, அந்த வீட்டுக்கு யார் குண்டு போட்டது?

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒருவரும் போடவில்லை. அது ஸ்டுடியோ. பலகையில் செய்வார்கள். சும்மா அழகுக்கு."

அழகுக்கு. அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் கேக்கைத் தேடினார். எங்கள் வீட்டுச் சுவர் கறுத்துப்போய் நின்ற விதத்தை, இத்தனை பேர் பலகை அடித்து, மை பூசி, புகை போட்டு, அழகு என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் மனைவி செவ்வாய்க்கிழமை ரயில் ஏறிப் போகப்போவது அந்த வீடுகள் இருக்கிற இடத்துக்கு. அவை பலகையில் செய்தவை அல்ல.

ஆட்டம் தொடங்கியது. முதலில் மேளம். நாலு பேர் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்தார்கள். ஒருவரிடம் பெரிய சேகண்டி, ஒருவரிடம் சின்னச் சேகண்டி, ஒருவரிடம் பீப்பாய் போன்ற மேளம். நாலாமவரிடம் இருந்தது எங்கள் உடுக்கு. யாரோ அதை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிவிட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் தொடங்கினார்கள். போகப் போக அந்த நாலு பேருக்கும் தலை மட்டும்தான் உடம்போடு இருந்தது, கைகளைக் காணவில்லை. டேனிஷ் பெற்றோர் கைதட்டித் தாளம் போட்டார்கள், ஒன்றுகூட மேளத்தோடு சேரவில்லை. அண்ணையின் தொடை தானாகத் துள்ளியது. தொப்பியில் நீள ரிப்பன் கட்டிய ஒருவர் வந்து தலையை ஆட்ட, அந்த ரிப்பன் அவரைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பறந்தது. பிள்ளைகள்கூட நிமிர்ந்து இருந்தார்கள். பிறகு விசிறியோடு பெண்கள் வந்து பூவாக விரிந்தார்கள், அலையாக ஆடினார்கள். அந்த நேரம் முழுக்க நான் செவ்வாய்க்கிழமையை மறந்திருந்தேன்.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள்.

ஒரு பெண் தனியாக வந்தாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. தலைமயிரை இழுத்துப் பின்னால் ஒரு ஊசியில் முடிந்திருந்தாள். நகை இல்லை. கையில் ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. ஒரு குழல் இழுத்து இழுத்து அழுதது. அவள் நடந்தாள் என்றும் சொல்ல முடியாது, நின்றாள் என்றும் சொல்ல முடியாது. துணியைத் தோளில் போட்டாள், எடுத்தாள், காற்றில் எறிந்தாள். அது மெல்ல விழுந்தது.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த பிழை. மாதக் கணக்காகப் பாட்டுச் சனலில் முகங்கள் பார்த்துப் பழகியவன் நான். அந்த முகங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கண்ணைச் சுருக்கும், பல்லைக் கடிக்கும், கமராவுக்கு ஒரு அடி முன்னால் வந்து துக்கப்படும். அந்தத் துக்கத்தைப் பார்த்துக்கொண்டு சோறு சாப்பிடலாம். இவளுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபமில்லை, கண்ணீரில்லை. அப்படி ஒரு முகத்தை எனக்கு இன்னொரு இடத்தில்தான் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால். 'வென்ட்' என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்க்கிற அந்த முகம். எல்லாம் தெரிந்த, ஒன்றும் சொல்லாத முகம்.

துணி நிலத்தில் கிடந்தது. அவள் அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து கையை நீட்டினாள். எடுக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"அண்ணை" என்றேன். "இது செத்த வீடு."

"என்னது?"

"வெள்ளை உடுத்திருக்கிறாள். கழுத்திலை ஒண்டுமில்லை. புருஷன் செத்துப்போனான்."

அண்ணை குரலை அடக்கிக்கொண்டு, "உன்ர மனுசி கலியாணத்துக்கு என்ன நிறம் உடுத்தவ?" என்று கேட்டார்.

"வெள்ளை. கோயிலிலை எல்லாரும் வெள்ளைதானே."

"பிறகென்ன?"

"அண்டைக்கும் பயந்தனான் அண்ணை."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். என் மூளை தன் பாட்டில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இந்தப் பெண் வெள்ளையோடு என் கண்ணுக்கு முன்னால் வருகிறாள். இது என் மனைவி என்றால் செத்தது நான். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே இன்னும் சாகவில்லை, இனித்தான். அல்லது நான் இல்லை, அவள். அல்லது பிள்ளை. லொட்ஜில் ஏதோ நடந்துவிட்டது. கதவு தட்டியவர்கள் இந்தமுறை ஐடென்டி கேட்டுவிட்டுப் போகவில்லை. இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தன. பிஸ்கட் பெட்டி அடுக்குகிற வேகம் எனக்குத் தெரியும். அதைவிட வேகமாக வந்தன.

"சில்லறை இருக்கோ அண்ணை?"

"இப்ப என்னத்துக்கு?"

"தாங்கோவன்."

அவர் காற்சட்டைப் பையில் கைவிட்டு இருந்ததையெல்லாம் என் கையில் கொட்டினார். ஒரு பொத்தானும் அதற்குள் இருந்தது. நான் கதிரை வரிசையை முழங்காலால் இடித்து, ஒவ்வொருவரிடமும் டேனிஷில் மன்னிப்புக் கேட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஜாக்கெட் உள்ளேயே கிடந்தது. ஸ்டேஷன் வரை ஓடினேன். ஓடுகிறபோது ஒரு நாய் என்னைக் குறுக்கே கடந்தது. இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்று நின்று யோசிக்கப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

இலக்கத்தைச் சுழற்றினேன். முதல் தரம் ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் கடல் இரைகிற சத்தம். மூன்றாம் தரம் மணி அடித்தது.

"லொட்ஜ்."

"டென்மார்க்கிலை இருந்து. மூண்டாம் மாடி."

மறுபக்கத்தில் மனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக "ஆ, டென்மார்க்காரர், எப்பிடி?" என்று ஒரு வரி கதைப்பவர். அன்றைக்கு என் குரலை அவருக்குத் தெரியவில்லை. ஓடிவந்த மூச்சில் எனக்கே தெரியவில்லை. அவர் ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. மிக மெதுவாக வைத்தார். பிறகு மாடிப்படியில் கத்தினார். "டென்மார்க் அக்காவுக்குக் கோல்." வழமையாகக் கத்துவதுபோல் இல்லை, பாதிக் குரலில்.

நான் ஒரு நாணயம் போட்டேன். அந்தப் பக்கம் சருவச் சட்டி உருளுகிற சத்தம், பெண்கள் கதைக்கிற சத்தம் எல்லாம் எப்போதும் கேட்கும். அது ஒவ்வொன்றாக நின்றது. யாரோ வானொலியை நிற்பாட்டினார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அங்கே இருட்டி வெகு நேரம்.

அந்த லொட்ஜில் ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு கிழமை, ஒரு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்கு வருகிற கோல் புருஷனுடையது. வேறு நேரத்தில் வருகிற கோலைப் புருஷன் எடுப்பதில்லை. புருஷனோடு இருக்கிறவர்கள் எடுப்பார்கள், சாவுச் செய்தி சொல்ல. பிரான்ஸ் அக்காவுக்கு அப்படித்தான் ஒரு புதன்கிழமை வந்தது. கோல் வந்த கையோடு அவர் போட்ட சத்தத்தில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் பிடித்ததென்று என் மனைவியே எனக்குச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை தவிர எடுக்காதேங்கோ என்று அதற்குப் பிறகு எத்தனை தரம் சொன்னாள். நான் ஓமென்றேன். இங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

வைத்துவிடலாமா என்று யோசித்தேன். வைத்தால் இன்னும் மோசம். செத்தவனுக்காக எடுத்தவன் சொல்ல வாய் வராமல் வைத்துவிட்டான் என்று ஆகிவிடும். மூன்று மாடி. படியில் ஒரு செருப்பு வேகமாக வந்தது. இரண்டாம் மாடியில் நின்றது. பிறகு மெதுவாக வந்தது. யாரோ ஒரு பெண் முன்னதாகவே அழத் தொடங்கியிருந்தாள். நான் எனக்கு நடக்கிற செத்த வீட்டை டோஸ்ட்ருப்பில் நின்று நாணயம் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரிசீவரை எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை.

"சொல்லுங்கோ அண்ணை" என்றாள். "எப்ப நடந்தது?"

மன்னார் அண்ணை கதைக்கிறார் என்று நினைத்துவிட்டாள். நான் இன்னொரு நாணயம் போட்டேன்.

"அண்ணை, பரவாயில்லை, சொல்லுங்கோ. நான் நிண்டுகொண்டுதான் நிக்கிறன்."

"நான்தான்" என்றேன்.

"ஆர் நான்?"

"நான்தானப்பா. உன்ர மனுசன்."

மூச்சுக் கேட்டது.

"அப்ப செத்தது ஆர்?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"அண்ணைக்கு ஏதும்?"

"அவர் கேக் தின்னுறார்."

திரும்பவும் மூச்சு. இந்தமுறை நீளமாக. பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாருக்கோ, "ஆள் உயிரோடை" என்றாள். அழுதுகொண்டிருந்த பெண் அழுகையை நிறுத்தினாள். மனேஜர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பிறகென்னத்துக்கு எடுத்தனீங்கள்?"

உண்மையைச் சொன்னேன். "இஞ்சை கொரியாக்காரற்றை ஆட்டம் நடக்குது. ஒருத்தி வெள்ளை உடுத்துக்கொண்டு ஆடினாள். எனக்கு ஒருமாதிரி வந்திட்டுது."

"ஆட்டம் பாத்தோ எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"நான் படியிலை வரேக்கை" என்று தொடங்கினாள். குரல் உடைந்தது, உடனே அதை ஒட்டவைத்துக்கொண்டாள். "பிள்ளையை மேலை பக்கத்து அறையிலை விட்டிட்டு வந்தனான். பிள்ளைக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சன். பிறகு செவ்வாய்க்கிழமை அந்த ரயிலிலை போய் இறங்கி உங்கட அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சன். ரயில் போற வழியெல்லாம் என்ன சொல்லுறதெண்டு, ஒவ்வொரு ஸ்டேசனாய் யோசிச்சு முடிச்சிட்டன். யாழ்ப்பாணம் வந்திட்டுது. அப்பத்தான் கீழ்ப்படி வந்தது."

"இஞ்சேர்."

"கதைக்காதேங்கோ. இனி அந்த ரயிலிலை ஏற எனக்குக் கால் வராது. ஏறினால் நீங்கள் செத்துப்போன மாதிரித்தான் இருக்கும்."

கையில் மிஞ்சியிருந்தது பொத்தான். அதைப் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள். தொலைபேசி அதைக் கீழே துப்பியது.

"சனிக்கிழமை எடுங்கோ" என்றாள். "வழமையான நேரத்துக்கு. நடுவிலை எடுத்தால் உண்மையாய்ச் செத்தாலும் நான் கீழை வரமாட்டன்."

கர்ரென்றது.

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். கூட்டுக்கு வெளியே ஒரு பெண் குடையோடு காத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எடுங்கோ. சனிக்கிழமை செவ்வாய்க்குப் பிறகு வருவது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. முதல்நாள் கெஞ்ச வாயைத் திறந்தும் நடக்காதது நடந்திருந்தது. அதற்காக அவள் மூன்று மாடி விதவையாக இறங்கி வர வேண்டியிருந்தது. சந்தோசப்பட முயன்றேன்.

மண்டப வாசலில் அண்ணை என் ஜாக்கெட்டைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"போகேல்லையாம்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய மனைவியும் நாலு பிள்ளைகளும் இன்னும் கொழும்புக்கே வந்து சேரவில்லை, ஆனால் அதைப் பற்றி அவர் கதைக்கிறவர் இல்லை. ஜாக்கெட்டை என் தோளில் போட்டுவிட்டார்.

"ரீச்சரிட்டைக் கேட்டனான்" என்றார். "அது செத்த வீடில்லையாம். கெட்டதைக் கழிக்கிற ஆட்டமாம். அந்தத் துணியிலைதான் எல்லாத்தையும் கட்டி எறியிறதாம். நீ பாதியிலை எழும்பிப் போட்டாய்."

"அப்ப?"

"பாதிதான் கழிஞ்சிருக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினேன். விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். வெள்ளை உடுத்த பெண் பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு கடதாசிக் குவளையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அருகில் பார்த்தால் சாதாரண முகம். கண்ணுக்குக் கீழே களைப்பு. மீதியை எனக்காக ஒருதரம் ஆட முடியுமா என்று ரீச்சரிடம் கேட்டேன். ரீச்சர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு தானும் நிறுத்தினார். ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்த்துக் கேட்டார். அந்தப் பெண் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, குனிந்து, ஏதோ சொன்னாள்.

"அடுத்த வருடமும் வருவார்களாம்" என்றார் ரீச்சர். "அப்போது கட்டாயம் வாருங்கள்."

அடுத்த வருடமும் போனேன், தனியாகத்தான்; கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் 'வென்ட்'தான். முன்வரிசையில் நடுக் கதிரை. அந்தப் பெண் வந்தாள், துணியை எறிந்தாள், முழங்காலில் இருந்தாள். இடையில் மூத்திரம் முட்டியது. கடைசிவரை எழும்பவில்லை.